வாய்தா தவறினால் வாரண்டு: அறிவதும் தீர்ப்பதும்

சாமை அறுவடை முடிந்து மூட்டைகள் சங்கக் கிடங்கிற்கு வந்து சேரும் காலத்தில், சில அங்கத்தினர்களின் மூட்டையோடு அவர்களுடைய மனைவியோ மகனோ வருவதுண்டு. "அவர் ஏன் வரவில்லை?" என்று கேட்டால், "உடம்பு சரியில்லை" என்ற விடை கிடைக்கும். சிலர் விஷயத்தில் அது உண்மையே. வேறு சிலர் மலையை விட்டு இறங்கவே அஞ்சுகிறார்கள். என்றோ தவறிய ஒரு வாய்தாவின் பேரில் எந்த நீதிமன்றத்திலோ தம்மீது பிடிவாரண்டு இருப்பதாக அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இருக்கிறதா, இல்லையா என்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள எங்கே போவது என்பதும் தெரியாது.

இந்த அச்சம் ஜவ்வாது மலைக்கு மட்டும் உரியதன்று. நூல் வாங்கிய கடனுக்குக் காசோலை கொடுத்து, அது திரும்பி வந்ததால் வழக்கில் சிக்கிய நெசவாளிக்கும் இதே அச்சம் உண்டு. ஆகையால் வாரண்டு என்பது யாது, அது தம்மீது இருக்கிறதா என்று அறிவது எங்ஙனம், அதைத் தீர்ப்பது எங்ஙனம் என்பவற்றை அங்கத்தினர் யாவருக்கும் விளங்குமாறு இங்கே கூற முற்படுகிறோம்.

வாரண்டு பிறக்கும் விதம்

ஊர்க் கூட்டத்திற்கு அழைத்தும் வராதவன்மீது, மூல வழக்கைக் காட்டிலும் வராமையே பெரிய குற்றமாகிவிடுவதை மலையிலுள்ளோர் அறிவர். நீதிமன்றத்தின் நிலையும் அதுவே. ஜாமீனில் வெளிவந்தவர் வாய்தா நாளில் ஆஜராகவில்லை. அவருக்காக வக்கீலும் மனுச் செய்யவில்லை. மாஜிஸ்திரேட் பெயரை அழைத்துப் பார்த்துவிட்டு, அவரைப் பிடித்துக் கொண்டுவரும்படி போலீசாருக்கு எழுத்து மூலம் உத்தரவு இடுகிறார். இதுவே பிடிவாரண்டு.

வாரண்டில் இரு வகை உண்டு. ஒன்றில், குறித்த தொகைக்கு ஜாமீன் கொடுத்தால் போலீசாரே விட்டுவிடலாம் என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும். மற்றொன்றில் அக்குறிப்பு இராது; பிடிக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். இந்த இரண்டாவது வகையைக் கேட்டவுடன், "ஜாமீனே கிடையாதாம்" என்று மனம் உடைந்து போகிறவர்கள் அநேகர். அது தவறான எண்ணம். போலீசார் தாமாக விட இயலாது என்பதே அதன் பொருள். மாஜிஸ்திரேட் விடலாம், வாரண்டை ரத்தும் செய்யலாம்.

முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடத்தக்க வாரண்டு, அவை பயன்படாவிடில் மட்டுமே கடுமையான வாரண்டு என்னும் வரிசையைப் பின்பற்றுவதே முறை என்று உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தது. ஆயினும் ஜாமீன் பெற்றுப் பின்பு வராமற் போனவரிடம் நீதிமன்றம் அவ்வளவு பொறுமை காட்டுவது அரிது.

இங்கே மனத்தில் இருத்த வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ, நிறைவேற்றப்படும் வரையிலோ வாரண்டு செல்லுபடியாகும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு இதைக் கூறுகிறது. அதற்கு முன்பிருந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70-ஆவது பிரிவும் இதையே கூறிற்று. ஆகவே, "பத்து வருஷம் ஆகிவிட்டது, இனி என்ன?" என்று இருப்பது வீண் ஆறுதல். காலம் வாரண்டைத் தின்னாது.

மலையும் அண்டை மாநிலத்து நீதிமன்றமும்

ஜவ்வாது மலையில் இவ்விஷயம் தனிக் கடுமை பெற்றதற்குக் காரணம் உண்டு. இம்மலையிலிருந்து கூலி வேலை என்று தரகர்களால் அழைத்துச் செல்லப்பட்ட பலர், ஆந்திரத்துச் சேஷாசலக் காடுகளில் செம்மரம் வெட்டியதாக வழக்குகளில் சேர்க்கப்பட்டனர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி அக்காட்டில் 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தை நாடு அறியும். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த அவர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றமே. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குற்றம் செய்தாரா, இல்லையா என்பது விசாரணையில் தீர வேண்டியது. விசாரணைக்கே போகாமல் வாரண்டுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவருக்கு அந்தத் தீர்வு ஒருநாளும் வராது.

போகாமைக்குக் காரணங்கள் இல்லாமற் போகவில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர், வேலூர், சித்தூர் வழியாகத் திருப்பதி செல்ல வேண்டும். ஒரு வாய்தாவுக்கு இரண்டு நாட் கூலியும் வண்டிச் சத்தமும் போய்விடும். அங்கே வழங்கும் மொழி தெலுங்கு. வக்கீலை அமர்த்தியவர் தரகர். தரகர் மறைந்தபின் வக்கீலின் பெயர்கூடத் தெரியாது. அடுத்த வாய்தா என்றைக்கு என்று சொல்ல ஆளில்லை. இவ்வாறு ஒரு வாய்தா தவறுகிறது. அச்சத்தால் அடுத்ததும் தவறுகிறது.

உதாரணமாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரோடு சேர்த்து அவர்மீது வழக்கு. ஜாமீனில் வந்தவர் மூன்றாம் வாய்தாவிலிருந்து போகவில்லை. மற்ற ஒன்பது பேரும் தொடர்ந்து சென்று, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, விடுதலையாகிவிட்டனர். "வழக்கு முடிந்துவிட்டது" என்று அவர்கள் வந்து சொல்ல, இவரும் நிம்மதி அடைகிறார். ஆனால் வழக்கு முடிந்தது அவர்களுக்கே. வராத ஒருவருக்காக மற்றவர்களின் விசாரணையை நிறுத்தி வைக்காமல், அவருடைய பகுதியைப் பிரித்து வேறு எண்ணிட்டுத் தனி வழக்காக நீதிமன்றம் வைத்திருப்பது வழக்கம். பழைய எண்ணைத் தேடினால் ‘முடிந்தது’ என்று காணும். புதிய எண்ணில் வாரண்டு உயிரோடு இருக்கும். இதை அறியாமல் பிடிபடுகிறவர்கள் உண்டு. அவர் முறையாகச் சென்று நின்றிருந்தால், மற்றவர்களை விடுவித்த அதே சாட்சியம் அவருக்கும் உதவியிருக்கக்கூடும்.

இருக்கிறதா என்று அறிவது

முதல் வேலை, வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய காகிதங்களைத் தேடுவது. ஜாமீன் உத்தரவின் நகல், குற்றப்பத்திரிகை, சிறையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சீட்டு ஆகியவற்றுள் ஒன்றேனும் கிடைக்கலாம். அவற்றிலிருந்து போலீஸ் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு, நீதிமன்றத்தின் வழக்கு எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் கிடைக்காவிடில், உடன் வழக்கில் இருந்தவர்களிடமும் ஜாமீன் நின்றவரிடமும் கேட்கலாம்.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் இ-கோர்ட்ஸ் என்னும் அரசு இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடாயினும் ஆந்திரமாயினும் அதே தளத்தில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் தேர்ந்து தேடலாம். பெயரைக்கொண்டு தேடுவதைக் காட்டிலும் போலீஸ் நிலையத்தையும் குற்ற எண்ணையும் கொண்டு தேடுவது நலம். ஏனெனில் மலையில் ஒரே பெயர் பலருக்கு உண்டு, அயல்மொழியில் எழுதும்போது பெயரின் எழுத்தும் மாறும். மேலும், குற்ற எண்ணைக்கொண்டு தேடும்போது பிரிக்கப்பட்ட வழக்குகளையும் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த 16 இடங்கள் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னர் வாய்தா தேதியை நொடியில் பார்க்கலாம். 2015-இல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. தேடுவோர் இரு மாவட்டப் பெயர்களிலும் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, இணையத்தில் காண்பதே முடிவு ஆகாது. வாரண்டு விவரம் அதில் ஏறாமலும் இருக்கலாம். ஒரு வக்கீல் நீதிமன்ற அலுவலகத்தில் கட்டைப் பார்த்துச் சொல்வதே உறுதியானது. வாரண்டு உள்ளதாகச் சந்தேகிப்பவர் தாமே போலீஸ் நிலையம் சென்று விசாரிப்பது விவேகமன்று. வாரண்டு இருந்தால் பிடிக்க வேண்டியது அவர்கள் கடமை. சொந்த விருப்பத்தில் நீதிமன்றம் சென்றவர் என்ற நற்பெயர் இவருக்குக் கிட்டாமற் போகும்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பழங்குடியினருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எதுவாயினும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. ஜவ்வாது மலையின் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். சாதிச் சான்றிதழ் ஒன்றே போதிய அடையாளம். காவலில் இருப்பவருக்கும் இவ்வுரிமை உண்டு. நெசவாளர் முதலிய பிறர், அரசு விதித்த வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால் பெறலாம். தாலுகா நீதிமன்றங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், மாவட்டத் தலைநகரில் மாவட்ட ஆணைக்குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். திருப்பதி வழக்குக்குத் திருப்பதியிலேயே இலவச வக்கீல் வேண்டும் என்று இங்கிருந்தே விண்ணப்பிக்க உதவி கோரலாம்.

தீர்ப்பது

வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் அதைப் பிறப்பித்த நீதிமன்றத்திற்கும் அதற்கு மேற்பட்ட நீதிமன்றங்களுக்குமே உண்டு. போலீஸ் நிலையத்தில் பணம் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று சொல்லும் தரகரும், கைப்பேசியில் அழைத்து "வாரண்டு இருக்கிறது, பணம் அனுப்பு" என்று மிரட்டுபவரும் ஏமாற்றுக்காரர்களே. நீதிமன்றம் கைப்பேசி வழியே பணம் கேட்பதில்லை.

முறை இதுதான். வக்கீல் மூலம் வாரண்டு ரத்து மனு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ‘ரீகால் மனு’ என்று நீதிமன்றத்தில் வழங்குவது இதுவே. குறித்த நாளில் காலையில் வழக்குகள் அழைக்கப்படுவதற்கு முன்பே அங்கத்தினர் தாமும் நேரில் நிற்க வேண்டும். வராமைக்கான காரணம் உண்மையானதாக, சுருக்கமாக, இயன்றவரை ஆதாரத்தோடு இருக்க வேண்டும். நோயெனில் வைத்தியச் சான்று. வீட்டில் மரணமெனில் இறப்புச் சான்று. மழையில் மலைப்பாதை அடைபட்டதெனில் அதற்குரிய சான்று. காரணம் அறியாமையும் வறுமையும் மட்டுமெனில் அதையே சொல்லலாம். பொய்ச் சான்று எவ்வகையிலும் கூடாது. அது பழைய குற்றத்தோடு புதிய குற்றத்தையும் சேர்க்கும்.

மனுவைக் கேட்ட மாஜிஸ்திரேட் வாரண்டை ரத்து செய்து அடுத்த வாய்தா கொடுக்கலாம். புதிய ஜாமீன்பத்திரமும் ஜாமீன்தாரர்களும் கேட்கலாம். செலவுத் தொகை விதிக்கலாம். நெடுங்காலம் ஒளிந்தவரெனக் கண்டால் காவலில் வைக்கவும் செய்யலாம். இந்த நான்காவதை மறைப்பது நேர்மையாகாது. ஆகவே இரண்டு ஜாமீன்தாரர்களை அவர்களுடைய ஆவணங்களோடு உடன் அழைத்துச் செல்வதும், வீட்டாருக்குச் சில நாட் செலவுக்கு ஏற்பாடு செய்துவைப்பதும் அவசியம். ஆனால் தாமாக வந்து நின்றவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் மாஜிஸ்திரேட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதை வழக்கு நடத்தும் எவரும் சொல்வர்.

பிடிபட்டால் என்ன செய்வது? வாரண்டின் சாரத்தைச் சொல்லவும், கேட்டால் அதைக் காட்டவும் போலீசார் கடமைப்பட்டவர்கள். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வேறு மாவட்டத்து வாரண்டாயின், பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ, அதுவே அருகில் இருந்தாலோ ஒழிய, பிடித்த இடத்து மாஜிஸ்திரேட் முன்போ மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு முன்போ முதலில் நிறுத்த வேண்டும். ஆகையால் ஜமுனாமரத்தூரில் ஒருவரைத் திருப்பதி வாரண்டின் பேரில் பிடித்தால், நேரே எல்லை கடத்திக் கொண்டுபோவது முறையன்று. இங்குள்ள மாஜிஸ்திரேட் முன்போ போலீஸ் சூப்பிரண்டு முன்போ நிறுத்தியபின்பே அங்கே கொண்டு செல்ல வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் இங்கேயே ஜாமீன் கொடுக்கலாம். இவ்விதியை வீட்டார் அறிந்திருந்தால், இலவச வக்கீலை அந்த இடத்திற்கே உடனே அனுப்பும்படி கேட்க முடியும்.

ரத்தானபின் ஒரு வேலை

வாரண்டு ரத்தானதும் வேலை முடிந்ததென்று திரும்பிவிடலாகாது. உத்தரவு நீதிமன்றத்தில் இருக்கிறது. வாரண்டுத் தாளோ போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி மும்பையில் ஒரு வக்கீல் தம்மீதிருந்த வாரண்டை ரத்து செய்துகொண்டார். மூன்றாம் நாள், சுதந்திர தினத்தன்று, அதே வாரண்டின் பேரில் அவர் பிடிக்கப்பட்டார். ரத்தாயிற்று என்று சொல்லியும் பயனில்லை; விடுமுறை நாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்ட பிறகே விடுதலையானார். இவ்வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானவற்றை உடனே திரும்பப் பெற வேண்டும் என்று நெறிகளை வகுத்தது. சட்டம் படித்தவருக்கே இந்நிலை என்றால் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று, ஒன்றை வக்கீல் மூலம் போலீஸ் நிலையத்தில் சேர்த்து ரசீது பெற்று, மற்றொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வாய்தாவுக்குப் போக இயலாத நாள் வந்தால், முன்கூட்டி வக்கீலுக்குத் தெரிவித்து ஆஜர் விலக்கு மனுப் போடச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின் பழக்கத்தால் இதை இன்றும் ‘317 மனு’ என்பர். புதிய சட்டத்தில் 355-ஆவது பிரிவு. ஒரு தொலைபேசிச் செய்தி ஒரு வாரண்டைத் தடுத்துவிடும்.

விட்டுவைத்தால்

வாரண்டு நிறைவேறாமல் நெடுநாள் கிடந்தால், தலைமறைவானவர் என்று நீதிமன்றம் பிரகடனம் செய்யலாம். அது ஊரில் படிக்கப்படும், வீட்டில் ஒட்டப்படும். சொத்தைப் பற்றுகை செய்யவும் இடமுண்டு. ஜாமீனில் வந்து ஆஜராகாமையே ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றம். மூல வழக்கில் விடுதலை கிடைத்தாலும் இது தனியே நிற்கும்.

இதனினும் கொடியது ஜாமீன் நின்றவர் படும் பாடு. கூட்டுறவில் ஜாமீனின் பொருள் நமக்குத் தெரியும். ஒருவர் கடன் கட்டாவிடில் மற்றவர் கட்ட வேண்டும். நீதிமன்றத்திலும் அவ்வாறே. ஜாமீன்பத்திரம் பறிமுதலாகி, எழுதிக்கொடுத்த தொகையை ஏன் வசூலிக்கக்கூடாது என்று ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். கட்ட இயலாவிடில், சிவில் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கவும் சட்டம் இடந்தருகிறது. ஜாமீன் நின்றவர் பெரும்பாலும் பங்காளியோ பக்கத்து நிலத்துக்காரரோ சங்கத்துச் சகோதரரோதான். வாரண்டுக்கு அஞ்சி ஒளிபவர், தம்மை நம்பியவரை முன்னே தள்ளிவிட்டு ஒளிகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

இவ்விஷயத்தில் சங்கங்கள் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. காரியாலயத்தில் உள்ள கணிப்பொறியில் வாரம் ஒருநாள் அங்கத்தினர்களின் வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்லலாம். கேட்பவர் பெயரை வெளியிடாமல் காப்பது அதன் முதல் விதியாக இருத்தல் வேண்டும். வாய்தா தேதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மூன்று நாள் முன்னே நினைவூட்டலாம். சட்டப் பணிகள் குழுவுக்கு எழுதி, ஆண்டுக்கொரு முறையேனும் மலையில் சட்ட உதவி முகாம் நடத்தக் கோரலாம். ஒரே நீதிமன்றத்தில் வழக்குள்ளவர்கள் ஒரே நாளில் வாய்தா பெற்று ஒரே வண்டியில் போய்வர ஏற்பாடு செய்தால் செலவு பங்காகும், துணையும் ஆகும். சேர்ந்து விற்பதையும் சேர்ந்து வாங்குவதையும் கற்ற நாம், சேர்ந்து நீதிமன்றம் செல்வதையும் கற்கலாம்.

அடுத்த சாமை அறுவடைக்கு, மூட்டையோடு அதன் உரிமையாளரே கிடங்கின் வாயிலில் நிற்க வேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கு முதற்படி, இன்றிரவு பெட்டியைத் திறந்து அந்தப் பழைய காகிதத்தைத் தேடுவதே.